மெதுவாகச் சாத்தச் சொன்னேன்

மார்ச் 7, செவ்வாய்

கண்ணாடி வந்துவிட்டது! வலப்பக்கப் பின்கதவுக்கு. இரண்டு மழைக்காலம் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். இனி அந்தப் பாடு இல்லை. மெக்கானிக் எவெலியோவின் மச்சான் தீவின் மறுகோடியில், சாந்தியாகோவில் சாகக் கிடந்த ஒரு செவர்லே காரிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தானாம். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடத்து வண்டிக்கு அந்த வளைவில் கண்ணாடி இந்தத் தீவில் வேறு எங்கே கிடைக்கும்? என் குண்டச்சி இன்று ராணி மாதிரி இருக்கிறாள்.

எவெலியோ மாட்டி முடித்துவிட்டுச் சொன்னான்: "ரப்பரும் புதுசு போட்டிருக்கேன்க்கா. கொஞ்ச நாளைக்குக் கதவு விறைப்பா இருக்கும். நல்லா இழுத்துச் சாத்தணும். ரெண்டு தடவ 'டக்'குனு கேக்கணும். முதல் டக்குலயே நின்னுட்டா சாத்தின மாதிரி தெரியும், சாத்தியிருக்காது."

சரி சரி என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லா விபோரா பேட்டையிலிருந்து ஷேர் டாக்ஸியாகக் கிளம்பிய முதல் சவாரியிலேயே ஒரு கல்லூரிப் பையன் முன்கதவை டமார் என்று அறைந்தான். விடுவேனா? "ராசா, உங்க வீட்டு ஃபிரிட்ஜுனு நெனச்சியா? திற. இப்ப மறுபடி சாத்து. பூ மாதிரி." திறந்து மெதுவாகச் சாத்தினான். வண்டி முழுக்கச் சிரிப்பு. கதவை அறைந்தால் எல்லா டிரைவரும்தான் கத்துவார்கள். திறந்து மறுபடி சாத்த வைப்பது நான் மட்டும்தான். ஸொராய்தாவின் வண்டி என்றால் கதவில் கை வைக்கவே பயப்படுவார்கள் என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேச்சு. எனக்கு அதில் பெருமைதான்.

ஆண் டிரைவர்களைப் போல நான் முந்துவதில்லை, குடித்துவிட்டு உட்காருவதில்லை, மழையில் பறப்பதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. பெண்ணா ஓட்டுகிறாள் என்று தயங்கி ஏறியவர்கள் இப்போது மூன்று வண்டியை விட்டுவிட்டு என் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள்.

மார்ச் 9, வியாழன்

மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எவெலியோ வாழ்க.

மார்ச் 11, சனி

எழுதக் கை ஓடவில்லை. ஒரு பயணி விழுந்துவிட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். விலா எலும்பு இரண்டில் விரிசல், தலையில் தையல். பெயர் ஃபெர்மின். சாந்தா காத்தலினா ரோட்டுப் பக்கம் வீட்டு முன்னறையிலேயே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாராம். மகளுக்குப் பிறந்தநாள். கேக்கை அட்டையில் வைத்து, மேலே மூடக்கூட ஒன்றுமில்லாமல் கையிலேந்திக்கொண்டு ஏறினார். பின்சீட்டில் வலது ஓரம். இடப்பக்கம் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. மடியில் கேக், இரண்டு கையும் அதைப் பிடித்தபடி. பக்கத்து ஆள் சட்டையைப் பிடிக்கப் பார்த்தான், கிடைக்கவில்லை. வெளியே விழுந்துவிட்டார்.

பெரிய வேகம் இல்லை. நான் எப்போதும் வேகமாகப் போவதில்லை. அவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

ஓடினேன். ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தார், முகமெல்லாம் கிரீம், அதில் ரத்தம். குனிந்தேன். "கதவ ஏன் சார் சரியா சாத்தல?" — இதுதான் என் வாயில் வந்தது. அவர் கண்ணைத் திறந்து, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

குண்டச்சியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கத்து ஆள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

மார்ச் 12, ஞாயிறு

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அவரிடம் ஓடும் முன்னால் அதைத்தான் பார்த்தேன். ஒரு நொடிதான். ஆனால் பார்த்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். பயந்துகொண்டே போனேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஃபெர்மின் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்: கதவைச் சரியாகச் சாத்தாதது என் கவனக்குறைவு, டிரைவர் மேல் புகார் இல்லை. பக்கத்து ஆளும் "அவர் மெதுவாத்தான் சாத்தினாரு" என்று சொல்லியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கட்டிக்கொண்டே, "அதிர்ஷ்டம்மா உங்களுக்கு. நல்ல மனுஷன் விழுந்திருக்காரு" என்றார்.

ஸ்டாண்டுக்கு வந்தால் அதற்குள் கதை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. "கேக்கைக் கீழ விடலியாமே அந்த ஆளு! உருண்டு போயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாராமே!" "பாதி கேக்கு நல்லாத்தான் இருந்துச்சாம், வீட்ல வெட்டிட்டாங்களாம்!" எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "நீதான பாத்த, சொல்லு ஸொராய்தா, சொல்லு!"

சொன்னேன். சொன்னது மட்டுமா? இரண்டு கையையும் நீட்டி, கண்ணை உருட்டி, கேக்கோடு மனிதர் பறக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். இன்னொரு தடவை கேட்டார்கள். இன்னொரு தடவை நடித்தேன். சிரிப்பு வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, பார்த்தாயா.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வெயில் என்று தங்கையிடம் சொன்னேன்.

மார்ச் 16, வியாழன்

இங்கேயும் எழுதவில்லை என்றால் எங்கேதான் எழுதுவேன்.

அவர் கதவைச் சாத்தினார். நன்றாகவே சாத்தினார். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடித்து ஒரே இழுப்பு — டமார். இரண்டு டக்கும் ஒன்றாகக் கேட்டது. எவெலியோ எப்படிச் சாத்தச் சொன்னானோ அப்படி. கண்ணாடி அதிர்ந்தது. கத்தினேன்: "சார்! அது உங்க வீட்டு ஃபிரிட்ஜா? புதுக் கண்ணாடி சார்! திறங்க. திறந்து மறுபடி சாத்துங்க. பூ மாதிரி."

வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லி, திறந்து, தொட்டுத் தொட்டுச் சாத்தினார். ஒரு டக். ஒன்றுதான். கேட்டேனா? கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், கிளம்பிவிட்டேன்.

விசாரித்தவர்களிடம் யாரும் பொய் சொல்லவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, அது நிஜம். மெதுவாகச் சாத்தினார், அதுவும் நிஜம். நான் கத்தியதை வண்டியிலிருந்த ஒருத்தரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவர்களுக்கு அது காதிலேயே விழுந்திருக்காது. இந்த ஊரில் கதவுக்காக டிரைவர் கத்துவதும் மரத்தில் காக்கா கத்துவதும் ஒன்று. யார் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்?

ஏறுகிறவர்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதுதான் என் வேலை. நான் கதவைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். தூ.

மார்ச் 19, ஞாயிறு

பார்க்கப் போனேன். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்றுதான் போனேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. நான்கு மாம்பழம் வாங்கிக்கொண்டேன்.

முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி, பெரிய கண்ணாடி, சுவரில் தொங்கும் தோல்பட்டை — சவரக்கத்தி தீட்ட. மனிதர் தலையில் கட்டோடு உள்ளறையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். நான் பதறி உட்காரச் சொன்னேன். அவர் மனைவி கிசெலா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எவ்ளோ பயந்திருப்பீங்கக்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே? கதவு மடங்கிடுச்சா? சொல்லுங்க, நாங்க பாத்துச் செஞ்சுடறோம்."

என் வண்டிக்கு! அவர்கள்! தரை பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்றேன். ரேஷனில் வந்த காப்பித்தூள், அந்த மாதத்துக்கு மிச்சம் இருந்ததை எல்லாம் போட்டுக் காய்ச்சினாள் என்று நிறத்திலேயே தெரிந்தது. அவர்களுக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. குடித்தேன்.

அப்புறம்தான் அவர் கேட்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கமாட்டீங்களே? எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. கேக்கு வாங்கினது ஞாபகம் இருக்கு. அப்புறம் நீங்க குனிஞ்சு, 'கதவ ஏன் சரியா சாத்தல'னு கேட்டது. நடுவுல ஒண்ணுமே இல்ல. வெள்ளைத் துணி போட்ட மாதிரி. நான் என்ன பண்ணேன்? எப்படிச் சாத்தினேன்?"

அவருக்கு அந்தப் பத்து நிமிஷம் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் கொடுத்ததுதான். ரோட்டில் கிடந்தவர் காதில் நான் ஊற்றியது. அதை நம்பித்தான் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"மெதுவா சாத்தினீங்க. சரியா விழல" என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். கிசெலா அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் இல்லை அதில். பயம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

உடைத்து நொறுக்கப்பட்ட ஒரு லாடா காரிலிருந்து எவெலியோ மூன்று பெல்ட் கழற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் பொருத்திக் கொடுத்தான். ஐம்பத்தொன்றில் பெல்ட் ஏது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தரையைத் துளைத்து அடியில் தகடு வைத்து முடுக்க ஒரு பிற்பகல்தான் ஆயிற்று.

இப்போதெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானே இறங்கிப் போய்க் கதவை அறைந்து சாத்தி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். பயணிகள் கேலி செய்கிறார்கள். "என்னக்கா, ஏரோப்ளேனா ஓட்டறீங்க?" பெல்ட்டைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு அம்மாளிடம் போடும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். "சாகறதுன்னா சாந்தா காத்தலினாலதான் சாகணும்னு எழுதியிருந்தா சாகறேன், போம்மா" என்றாள். நான் நகரவில்லை. கடைசியில் போட்டுக்கொண்டாள்.

வண்டிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டேன். அந்த மனிதருக்கு?

ஏப்ரல் 8, சனி

இன்று முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவன் தாடையில் பிளாஸ்திரி. பக்கத்தவன், "யாருடா இப்படிக் கிழிச்சது?" என்றான்.

"நானேதான். வீட்லயே பண்ணிக்கறேன்."

"ஏன், ஃபெர்மின் கடைக்கு என்ன?"

"அய்யோ வேணாம்ப்பா. அந்த ஆளுக்கு மண்டைல ஏதோ ஆயிடுச்சு. ஓடற வண்டில கதவச் சாத்தவே மறந்துட்டு விழுந்தாரு, தெரியாதா? கதவச் சாத்த மறந்தவர் கையில தொண்டையக் குடுக்கவா? கத்தியோட நிக்கும்போது என்னத்த மறப்பாரோ!"

இருவரும் சிரித்தார்கள். "கேக்குக்காரர்தான? ஆமா ஆமா." ஒருவன் கையை நீட்டி நடித்துக் காட்டினான். கண்ணை உருட்டினான். நான் உருட்டிய மாதிரியே. ஸ்டாண்டில் நான் ஆடிய ஆட்டம் ஊரைச் சுற்றிவிட்டு என் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவர்கள் இறங்கும்போது "நல்லா ஓட்டறீங்கக்கா" என்று வேறு சொன்னார்கள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மறுபடி போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன்.

தலைக்கட்டு போய்விட்டது. விலாவும் தேவலையாம். ஆனால் கடைச் சுவரில் தோல்பட்டை இல்லை, மேசையில் கத்திகள் இல்லை. கிசெலா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்க்கா. என்ன பண்ணட்டும்? இவரோட அப்பா அறுபது வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சாரு. முதல்ல கதவு. அப்புறம் அடுப்ப அணைக்க மறந்தாரு. அப்புறம் எங்க பேரெல்லாம். இவருக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது. டாக்டரு தலைல ஒண்ணுமில்லைங்கறாரு. ஒண்ணுமில்லாதவர் கதவச் சாத்தத் தெரியாமலா விழுவாரு? பொண்ணத் தனியா இவர்கூட அனுப்பறதில்ல. அடுப்புப் பக்கம் விடறதில்ல."

நாற்காலியை வேறொருவருக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை முதல். ஃபெர்மின் முடியைப் பெருக்கிக்கொண்டு கூடமாட இருப்பாராம்.

வெளியே வந்தபோது அவர் வாசல் கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அசட்டுச் சிரிப்பு. "பழகிக்கறேன்" என்றார்.

சொல்லவில்லை. மறுபடியும் காப்பி கொடுத்தார்கள். மறுபடியும் குடித்தேன். என்னைப் பெற்றவள் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

தங்கை ஒந்தினாவிடம் மட்டும் சொன்னேன். சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லி என்ன பண்ணப் போற? லைசென்ஸ் போகும். அத்தான் உன்ன விட்டு மயாமிக்குப் போனப்ப இந்த வண்டி ஒண்ணுதான விட்டுட்டுப் போனாரு? என் ஒருத்தி சம்பளத்துல ரெண்டு பேரும் எதத் திங்கறது? அவரே தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாருல்ல. பேசாம மாசா மாசம் ஏதாவது கொண்டுபோய்க் குடு. உதவி பண்ணு. யாரு வேணாங்கறா?"

"அவருக்கு உதவி வேணாம்டி. அவர் கை வேணும்."

"உனக்குத் தைரியம் இல்லன்னுதான் என்கிட்ட சொல்ற. நான் வேணாம்னு சொல்லணும், அப்ப என் மேல பழியப் போட்டுட்டு நீ நிம்மதியா இருக்கலாம்."

கூடப் பிறந்தவளுக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது. வெட்கமாக இருந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, சனி

சொல்லிவிட்டேன்.

கடையில் முடிவெட்டக் காத்திருந்தவர் ஒருவர். நாற்காலியில் இன்னொருவர், ஃபெர்மின் மெஷினால் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கிசெலா வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் காப்பி வரும். நின்றுகொண்டே சொன்னேன்.

"ஃபெர்மின், நீங்க கதவச் சரியாத்தான் சாத்தினீங்க."

மெஷினை நிறுத்தினார். "என்ன?"

"முதல் தடவ. டமார்னு சாத்தினீங்க. பூட்டு ரெண்டு டக்கும் விழுந்துச்சு. நான்தான் கத்தினேன். புதுக் கண்ணாடி உடைஞ்சுடும்னு. வண்டில எல்லார் முன்னாலயும் திட்டினேன். திறந்து மறுபடி மெதுவா சாத்தச் சொன்னேன். நீங்க நான் சொன்ன மாதிரியே செஞ்சீங்க. அதனாலதான் பூட்டு விழல. கதவு விறைப்பா இருக்கும், இழுத்துச் சாத்தணும்னு மெக்கானிக் எனக்கு முன்னாலயே சொல்லியிருந்தான். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சா? முதல்ல சாத்தினப்ப?"

"வண்டியே குலுங்குச்சு."

"நல்லா?"

"நல்லா."

"கிசெலா" என்றார். "கேட்டியா? சாத்தியிருக்கேன்டி. நான் சாத்தியிருக்கேன்."

அவள் எழுந்தாள். மடியிலிருந்த தட்டு சரிந்து அரிசி தரையெங்கும் ஓடியது. அவரிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள்.

"அஞ்சு வாரம். அஞ்சு வாரமா இந்த மனுஷன என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா உனக்கு? பெத்த பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக விடல. குழந்தைக்குச் சொல்ற மாதிரி, 'அடுப்பத் தொடாத, அடுப்பத் தொடாத'ன்னு... நீ இங்க உக்காந்து பாத்துட்டே இருந்த. என் வீட்டுக் காப்பிய வாங்கிக் குடிச்சுட்டே பாத்துட்டு இருந்த!"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெளிய போ" என்றாள். வழியில் இருந்த அரிசியை மிதிக்காமல் போக முடியவில்லை. மிதித்துக்கொண்டு போனேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் புத்தி வரும். அவர் "பரவால்லம்மா" என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். நல்ல மனிதராயிற்றே. சொல்லவில்லை. அவருக்கு அப்போது என் ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

அந்த ஃபைலில் அவர் பெயருக்குக் கீழே "கவனக்குறைவு" என்று இருக்கிறது. அது இருக்கக் கூடாது. ஒந்தினா தடுக்கவில்லை, என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, கட்டி மேல போட்ட ஃபைல யாராவது வந்து திறப்பாங்களா? கத்தினேங்கறீங்க. கத்தாத டிரைவர் இந்த ஊர்ல யாரு? எங்க மாமா வண்டில ஏறினா நானே திட்டு வாங்கறேன். அத எந்தப் பிரிவுல எழுதறது?"

"அவர் தப்பில்லன்னு எழுதுங்க."

"அப்ப யார் தப்புன்னு ஒண்ணு எழுதணும்ல?"

ரப்பரைப் பற்றிக் கேட்டார். பூட்டு ஒழுங்காக விழாது என்று தெரிந்தும் பயணிகளை ஏற்றினீர்களா? ஏற்றினேன். வண்டியை எடுக்கும் முன் கதவை இழுத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார். லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு ரத்து. அப்புறம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும்.

மனிதனை அவமானப்படுத்தியதற்கு ஒன்றும் இல்லை. ரப்பருக்கு ஆறு மாதம். ஆனால் ஃபெர்மின் பெயருக்குக் கீழே இருந்த வரியை என் கண் முன்னாலேயே அடித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மே 3, புதன்

குண்டச்சிக்குத் துணி போர்த்தியாயிற்று. ஒந்தினாவின் சம்பளத்தில் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். நான் பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன், கோணல் தையல்.

ஸ்டாண்டு வழியாகப் போனால், நான் இன்ஸ்பெக்டரிடம் போனது தெரிந்து டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "இனிமே கதவு உடைஞ்சாலும் நாங்க வாயத் திறக்கக் கூடாது, அப்படித்தான?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

ஃபெர்மின் நாற்காலியை வாடகைக்கு விடவில்லையாம். கத்திகள் மேசைக்கு வந்துவிட்டனவாம். ஆனால் மெஷின் போதும் என்கிறார்களாம் வருகிறவர்கள். ஒருவனும் தாடைக்குக் கத்தியை விடுவதில்லை. கேக் கதை காதுக்குக் காது போனது. நான் சொன்ன நிஜம் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. நிஜத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

மே 20, சனி

ஃபெர்மின் கடைக்குப் போனேன். சனிக்கிழமை, பெஞ்சு நிறைய ஆட்கள். கிசெலா உள்வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நாற்காலிக்குப் போனார்கள். "மெஷினே போதும் ஃபெர்மின்." "தாடி வேணாம், வீட்ல பாத்துக்கறேன்." ஒவ்வொரு தடவையும் அவர் "சரி" என்றார்.

என் முறை வந்தது. "பொம்பளைங்களுக்கு நான் வெட்டறதில்ல" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"வெட்ட வேணாம். பின்கழுத்துல மட்டும். கத்தியால."

கழுத்து நடுங்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலை. நாற்காலியில் ஏறினேன். துண்டைப் போட்டார். முடியை ஒதுக்கி முன்பக்கம் விட்டேன். சோப்பு நுரை சில்லென்றது. அவர் பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேலேயே தீட்டினார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் பெஞ்சிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குனிங்க."

குனிந்தேன்.

"அசையாதீங்க."

அவர் விரல் என் தலையின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தது. கத்தி கீழிறங்கியது. ஒரு இழுப்பு, துடைப்பு. ஒரு இழுப்பு, துடைப்பு. கை கல் மாதிரி நின்றது. கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை, குனிந்திருந்தேனே, நல்லவேளை. முகம் தெரியாமல் அழலாம். தோள் குலுங்கக் கூடாது, அவ்வளவுதான். "அவருக்கு ஒண்ணுமில்ல, நான்தான் காரணம்" என்று பெஞ்சுக்காரர்களிடம் சொல்ல நினைத்து வந்திருந்தேன். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு பேச முடியாது. சொல்லத் தேவையும் படவில்லை.

துண்டை எடுத்தார். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. காசு கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு மீதியைச் சரியாகக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவர் உரிமை.

வாசலைத் தாண்டும்போது பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஃபெர்மின், அந்த மெஷின வெச்சுடு. எனக்கும் தாடிய எடுத்து விடு."

திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. பட்டையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்கும்வரை சுவரோரம் நின்றேன். கேட்டதும் நடந்து வீட்டுக்கு வந்தேன்.